எந்த ஊர், எந்தப் பங்கு? போர்த்துகீசிய மூதாதையரைத் தேடும் முழுமையான வழிகாட்டி

எங்கள் சம்பந்தி அம்மாள் மாசசூசெட்ஸ்காரர். "என் தாத்தா பெயர் மனுவெல் பெரி, லிஸ்பனிலிருந்து வந்தவர்" என்று கல்யாண விருந்தில் சொன்னார். பேரன் பிறந்தபோது அவனுடைய வம்சாவளியில் ஒரு பாதியை நாங்கள் எள்ளுத்தாத்தா வரை எழுதிவிட்டோம். மறுபாதி அந்த ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. எனக்கு ஓய்வுக்காலம், தேட ஆரம்பித்தேன். அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருந்தன என்று தெரிய ஒன்றரை வருடம் ஆயிற்று. அவர் பெரி அல்லர், பெரெய்ரா. லிஸ்பனை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அந்த ஒன்றரை வருடத்தில் பாதி, நான் அவசரப்பட்டதால் வீணானது. வரிசையாகப் போயிருந்தால் வீணாகியிருக்காது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலைத் தாண்டுவதற்கு முன்

நம்மூரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்த ஊர்?" என்று கேட்போம். போர்த்துகீசியத் தேடலுக்கும் அந்தக் கேள்விதான் சாவி. (சாவி என்ற சொல்லே அவர்களிடமிருந்து வாங்கியதுதான்.) போர்த்துகலில் 1910இல் குடியரசு வந்து, 1911இல் எல்லோருக்கும் சிவில் பதிவு கட்டாயமாகும் வரை, கத்தோலிக்கரின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் தேவாலயப் பங்குகளில்தான் பதிவாயின. (பங்கு என்றால் ஒரு தேவாலயத்தின், அதன் குருவின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதி.) நாடு முழுவதற்கும் பொதுவான பெயர் அகராதி கிடையாது. பங்கின் பெயர் தெரிந்தால் புத்தகத்தைத் திறக்கலாம். தெரியாவிட்டால் வைக்கோற்போரில் ஊசி.

ஆகவே முதல் வேலை முழுக்க முழுக்கக் குடியேறிய நாட்டில்தான். வீட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய ஜெபப் புத்தகத்தின் உள்ளட்டை, நினைவுப் பூசைக்காக அச்சடித்த சிறு அட்டைகள், ஊரிலிருந்து வந்த கடித உறைகள், புகைப்படத்தின் பின்புறத்தில் ஸ்டுடியோ குத்திய முத்திரை எல்லாவற்றையும் பாருங்கள். உயிரோடு இருப்பவர்களில் மூத்தவரிடம் பெயரைக் கேட்காதீர்கள், திருவிழாவைக் கேளுங்கள். "தாத்தா எந்தப் புனிதர் திருநாளுக்கு லீவு போடுவார்?" என்று நான் கேட்டதற்குக் கிடைத்த பதிலில் இருந்த தகவல், "தாத்தா எங்கே பிறந்தார்?" என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை.

"லிஸ்பன்" என்று குடும்பம் சொன்னால் நம்பாதீர்கள். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவுக்கு வந்த போர்த்துகீசியரில் பெரும்பாலோர் அட்லாண்டிக் நடுவிலுள்ள ஒன்பது அசோர்ஸ் தீவுகளைச் சேர்ந்தவர்கள். நியூ பெட்ஃபோர்டின் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஃபயல் தீவின் ஓர்டா துறைமுகத்தில் தண்ணீரும் காய்கறியும் ஏற்றும்போது ஆட்களையும் ஏற்றிக்கொண்டன. அப்படி வந்தவர்களின் பின்னால் உறவினர்கள் வந்து, நியூ பெட்ஃபோர்ட், ஃபால் ரிவர் பஞ்சாலைகளிலும் கலிஃபோர்னியாவின் மாட்டுப் பண்ணைகளிலும் சேர்ந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சின்னத் தீவின் பெயரைச் சொல்லிப் புரியவைப்பதைவிட "லிஸ்பன்" என்று முடித்துவிடுவது சுலபம். நாமும் வெளிநாட்டில் "சென்னைக்குப் பக்கம்" என்று சொல்லிவிட்டு நகர்வதில்லையா?

எந்த அலையில் வந்தார் என்பதையும் தோராயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் குடியேற வருவோருக்கு 1917இல் எழுத்தறிவுத் தேர்வு வந்தது. 1921, 1924 ஒதுக்கீட்டுச் சட்டங்கள் கதவை ஏறக்குறைய சாத்திவிட்டன. ஃபயல் தீவின் ஓரத்தில் கபெலின்யோஸ் எரிமலை 1957இல் வெடித்து ஒரு வருடத்துக்கு மேல் சாம்பல் கொட்டியது. அதன்பின் 1958இல் அசோர்ஸ் அகதிகளுக்கென்று அமெரிக்கா தனிச் சட்டம் இயற்றியது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் அப்போது செனட்டராக இருந்த ஜான் எஃப். கென்னடி. 1965 சட்டத்துக்குப் பிறகு மீண்டும் பெரிய அலை. உங்கள் தாத்தா 1960இல் வந்தவர் என்றால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. ஊர் தெரிந்த உறவினர் யாராவது இருப்பார்கள்.

அமெரிக்கக் காகிதங்கள், எந்த வரிசையில்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். 1900, 1910, 1920, 1930 கணக்கெடுப்புகளில் வந்த வருடமும் குடியுரிமை நிலையும் இருக்கும். 1950 வரையிலானவை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டன. 1890 மட்டும் தீவிபத்துக்குப் பிறகு ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது. ஆனால் பிறந்த இடத்தில் "போர்த்துகல்" என்றோ "மேற்குத் தீவுகள்" என்றோதான் இருக்கும். மேற்குத் தீவுகள் என்றால் கரீபியன் அல்ல. அசோர்ஸுக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயர். "செயின்ட் மைக்கேல்" என்றால் சாவோ மிகெல் தீவு, "செயின்ட் ஜார்ஜ்" என்றால் சாவோ ஜோர்ஜ் தீவு. "ஃபயல்" என்று எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஓர்டாவில் கப்பல் ஏறிய பக்கத்துத் தீவுக்காரர்களையும் ஃபயல்காரர் என்று எழுதிவிடுவதுண்டு. "பிராவா" என்று இருந்தால் உங்கள் தேடல் அசோர்ஸிலேயே இல்லை. அது கேப் வெர்டே தீவுகளில் ஒன்று. 1975 வரை போர்த்துகலின் கீழ் இருந்ததால் அவர்களும் ஆவணங்களில் போர்த்துகீசியர் ஆனார்கள்.

அடுத்து முதல் உலகப் போரின் ஆள்சேர்ப்பு அட்டை. 1917 ஜூன் 5ஆம் தேதிப் பதிவில் பிறந்த ஊரையே கேட்டார்கள். அப்போது 21 முதல் 30 வயதுக்குள் இருந்த ஆண்களுக்கு இது தங்கச் சுரங்கம். 1942 ஏப்ரலில் வயதில் மூத்த ஆண்களைப் பதிந்த அட்டையிலும் பிறந்த இடம் உண்டு.

குடியுரிமை மனு 1906 செப்டம்பருக்குப் பிந்தியது என்றால் பிறந்த ஊர், தேதி, கப்பல் பெயர், வந்திறங்கிய துறைமுகம் எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். அதற்கு முந்தியவற்றில் "போர்த்துகல் மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்பதற்கு மேல் அதிகம் இராது. பெண்களுக்கு 1922 வரை கணவரின் குடியுரிமையே பொருந்தியதால், பாட்டியின் பெயரில் தனி மனுவைத் தேடி ஏமாறாதீர்கள். குடியுரிமையே வாங்காமல் இருந்துவிட்டவர் என்றால் 1940இல் கட்டாயமாக்கப்பட்ட வெளிநாட்டவர் பதிவைத் தேடலாம். 1936க்குப் பிறகு வேலை பார்த்தவர் என்றால் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான விண்ணப்பத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர்வரை அவரே சொல்லியிருப்பார்.

கப்பல் பயணிகள் பட்டியலைப் பலரும் முதலில் தேடுகிறார்கள். நான் கடைசியில் வைப்பேன். நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவின் பட்டியலில் காணவில்லை என்று மனமுடைந்து போகிறவர்கள், அசோர்ஸ்காரர்களில் பெரும்பகுதி பாஸ்டன், நியூ பெட்ஃபோர்ட், பிராவிடன்ஸ் வழியாக இறங்கினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஃபாப்ர் நிறுவனத்தின் கப்பல்கள் 1911 முதல் பிராவிடன்ஸுக்கு நேராகவே வந்தன.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது தேவாலயத் திருமணப் பதிவை. நியூ பெட்ஃபோர்டின் புனித ஸ்நாபக அருளப்பர் பங்கு 1871இல் போர்த்துகீசியருக்கென்றே ஏற்பட்டது. இப்படிப்பட்ட பங்குகளில் போர்த்துகீசியக் குருக்கள் இருந்தார்கள். அரசு எழுத்தருக்கு "அசோர்ஸ்" என்பதே அதிகம். போர்த்துகீசியக் குருவுக்கோ தீவும் பங்கும் தெரியாமல் கை ஓடாது. 1908 முதல், திருமணம் நடந்த செய்தியை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவிக்க வேண்டும் என்று திருச்சபையின் விதியும் இருந்தது. ஆகவே அந்தப் பங்கின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது.

என் தவறு இங்கேதான். 1917 அட்டையில் "ரிபெய்ரா செகா, அசோர்ஸ்" என்று பார்த்ததும் துள்ளிக் குதித்து, சாவோ மிகெல் தீவின் ரிபெய்ரா செகா பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். வறண்ட ஓடை என்று பொருள் தரும் அந்தப் பெயரில் சாவோ ஜோர்ஜ் தீவிலும் ஒரு பங்கு இருக்கிறது. எட்டு மாதம் போனது. பிறகுதான் ஃபால் ரிவர் தேவாலயத்தின் 1912ஆம் வருடத் திருமணப் பதிவை வரவழைத்தோம். அதில் தீவின் பெயர் சாவோ ஜோர்ஜ் என்று தெளிவாக இருந்தது. சாந்தா குரூஸ் என்ற பெயர் கிராசியோசாவிலும் ஃப்ளோரெஸிலும் சாவோ மிகெலிலும், அசோர்ஸைச் சேராத இன்னொரு போர்த்துகீசியத் தீவான மதீராவிலும் உண்டு. தீவு, வட்டம், பங்கு மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் வரை கடலைத் தாண்டாதீர்கள்.

பெயர் என்னும் வழுக்குப் பாறை

பெரெய்ரா பெரி ஆவார். ரொட்ரிகெஸ் ராஜர்ஸ் ஆவார். ஒலிவெய்ரா ஆலிவர், சில்வா சில்வியா. சிலர் ஒலியை விட்டுப் பொருளை மொழிபெயர்த்துக்கொண்டார்கள்: அரசர்கள் என்று பொருள்படும் ரெய்ஸ், கிங் ஆனார், கருவாலி மரத்தைக் குறிக்கும் கர்வால்யோ, ஓக்ஸ் ஆனார். இதையெல்லாம் எல்லிஸ் தீவு அதிகாரி மாற்றிவிட்டார் என்று எல்லாக் குடும்பங்களும் கதை சொல்லும். அதிகாரிகள் கையில் இருந்தது கப்பல் நிறுவனம் எழுதிக் கொடுத்த பட்டியல். பெயரை மாற்றியது பள்ளிக்கூடம், ஆலை மேஸ்திரி, பல சமயம் அவரேதான். அணிவகுப்பு இசைக்குப் பேர்போன ஜான் ஃபிலிப் சூசாவின் பெயர்கூட, பெட்டியின் மேல் எழுதியிருந்த "சோ, யு.எஸ்.ஏ." என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கட்டுக்கதை உலவியது. சூசா அசல் போர்த்துகீசியக் குடும்பப் பெயர். அவரோ வாஷிங்டனில் பிறந்தவர்.

அமெரிக்கர்களைத் திணறடிக்கும் இன்னொரு விஷயம் தமிழனுக்கு எளிதில் புரியும். குடும்பப் பெயர் என்பது அங்கே கல்லில் வெட்டிய எழுத்தாக இருந்ததில்லை. 1911க்கு முந்திய ஞானஸ்நானப் பதிவில் குழந்தைக்கு மனுவெல், மரியா என்ற முதற்பெயர் மட்டுமே இருக்கும். வளர்ந்த பிறகு அப்பா வழி, அம்மா வழி, தாத்தா வழி என்று எதையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு அண்ணன் தம்பிகள் வெவ்வேறு குடும்பப் பெயரோடு அமெரிக்காவில் வாழ்ந்ததுண்டு. பெண்கள் பலருக்கு குடும்பப் பெயரே இராது. ரோசா தெ ஜெசுஸ், மரியா தா கொன்செய்சாவோ என்று இயேசுவின், அமலோற்பவத்தின் பெயர்தான். பழைய பெயர் வரிசைகள் முதற்பெயரின்படி அடுக்கப்பட்டிருக்கும். ஐம்பது மனுவெல்களை ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் தீர வேண்டும். பாஸ்போர்ட் படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி மாட்டிக்கொண்ட நமக்கு இதில் ஆச்சரியம் எதற்கு?

இந்த இடத்தில் தூத்துக்குடி, மணப்பாடு, கொழும்பு வாசகர்கள் சிலர் தங்கள் வீட்டுப் பெர்னாண்டோவை, பெரேராவை நினைத்திருக்கக்கூடும். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் ஞானஸ்நானம் பெற்றபோது வந்த பெயர்கள் அவை. பெயர் போர்த்துகீசியம் என்பதால் வம்சமும் அங்கிருந்து வந்தது என்று ஆகிவிடாது. அந்தத் தேடலை இங்குள்ள பங்குப் புத்தகங்களில் தொடங்க வேண்டும்.

பதிவேட்டைத் திறப்பது

பங்கு உறுதியானதும் மிச்ச வேலை, உட்கார்ந்த இடத்திலிருந்தே நடக்கும். அசோர்ஸ் பதிவேடுகளை அத்தீவுகளின் அரசு நடத்தும் அசோர்ஸ் அறிவு மையத்தின் தளத்தில் தீவு, வட்டம், பங்கு, வருடம் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூலப் புத்தகங்கள் போன்டா டெல்கடா, அங்க்ரா, ஓர்டா ஆகிய மூன்று காப்பகங்களில் உள்ளன. மதீராவுக்குத் தனி ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெருநிலத்துக்கு மாவட்டக் காப்பகங்கள், அவற்றுக்குத் தாயாக லிஸ்பனில் தோரெ தோ தொம்போ. ஈழத்தவர்களுக்கு இந்தப் பெயரில் பாதி தெரியும்: காணிப் பதிவைக் குறிக்கும் "தோம்பு" என்ற சொல் அதே தொம்போதான். தோம்புக் கோபுரம்! ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்திலும் இலவசக் கணக்குத் தொடங்கி ஏராளமான படங்களைப் பார்க்கலாம்.

நூறு வருடத்துக்குள் நிகழ்ந்த பிறப்பு, ஐம்பது வருடத்துக்குள் நடந்த திருமணம், முப்பது வருடத்துக்குள் ஏற்பட்ட இறப்பு ஆகியவற்றின் பதிவுகள் காப்பகத்துக்கு வராமல் சிவில் பதிவு அலுவலகத்திலேயே இருக்கும். அவற்றுக்கு அங்கேதான் எழுத வேண்டும்.

போர்த்துகீசியம் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். 1860க்குப் பிறகு பதிவுகள் ஒரே வாய்ப்பாட்டில் எழுதப்பட்டன. ஒன்றைப் புரிந்துகொண்டால் ஆயிரம் புரியும். மனுவெலின் 1889 பதிவை எடுத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் வரிசை எண்ணும் "மனுவெல்" என்ற பெயரும். வலப்பக்கம் முதல் வரி தேதி. எண்ணில் அல்ல, எழுத்தில். அடுத்து பங்கு, வட்டம், மறைமாவட்டம் அங்க்ரா. அப்புறம் "பாட்டிஸெய்" என்ற வினை: ஞானஸ்நானம் கொடுத்தேன். "நஸ்செயு" என்ற சொல்லுக்குப் பின்னால் பிறந்த நாளும் மணியும். "ஃபில்யோ லெஜிதிமோ தெ" என்றால் இன்னாரின் முறைப்படி பிறந்த மகன். தகப்பன் பெயர், தொழில், தாய் பெயர், எந்தப் பங்கில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது வரும். பின்னர் "நேத்தோ பதெர்னோ", அதாவது தந்தைவழிப் பேரன்: தாத்தா, பாட்டி. "மதெர்னோ": தாய்வழித் தாத்தா, பாட்டி. கடைசியில் ஞானத்தகப்பன் பத்ரின்யோ, ஞானத்தாய் மத்ரின்யா. அவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா, தெரியாதா என்பதும் உண்டு. ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை. இவ்வளவு தாராளமான பதிவேட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சில பொறிகள் உண்டு. மாதத்தைச் சுருக்கும்போது 7 என்ற எண்ணோடு சில எழுத்துகளைச் சேர்த்திருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் எழுத்து டிசம்பர். லத்தீனில் ஏழு செப்தெம் என்பதால் வந்த வழக்கம். பெயர்களையும் சுருக்குவார்கள்: முதல் எழுத்துகளும் மேலே சின்னதாகக் கடைசி எழுத்தும். ஓரத்தில் பிற்காலத்தில் வேறு மையில் எழுதிய குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். திருமணமோ இறப்போ அங்கே ஏறியிருக்கலாம்.

"பாய் இன்கோக்னிதோ" என்றால் தகப்பன் தெரியவில்லை. "எஸ்போஸ்தோ" என்றால் கைவிடப்பட்டு, ஊரார் பொறுப்பில் வளர்ந்த குழந்தை. இரவில் குழந்தையை வைத்துவிட்டுச் சுழற்றிவிடும் மரச்சக்கரம் ஊர்களில் இருந்தது. உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது. இந்தச் சொல்லைக் கண்டால் அந்தக் கிளை அநேகமாக அங்கே முடிகிறது. சம்பந்தி வீட்டில் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

பின்னோக்கி, கல்யாணம் கல்யாணமாக

1860க்கு முந்திய ஞானஸ்நானப் பதிவுகள் சுருக்கமானவை. அங்கிருந்து பின்னால் போகத் திருமணப் பதிவுகளே ஏணி. மணமகன், மணமகள் இருவரின் பெற்றோரும், அவர்கள் எந்தப் பங்கு என்பதும் அதில் இருக்கும். தலைச்சன் பிள்ளை பிறந்த வருடத்துக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னால் பாருங்கள். பெண்ணின் பங்கில்தான் கல்யாணம் நடப்பது வழக்கம். அங்கிருந்து பெற்றோரின் கல்யாணம், அதற்குப் பிறகு அவர்களின் பெற்றோர் கல்யாணம். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. புத்தகம் பிழைத்திருந்தால் அந்த நூற்றாண்டின் இறுதிவரைகூடப் போகலாம். லிஸ்பன் நகரப் பங்குகள் சிலவற்றில் 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தோடு புத்தகம் தொலைந்துவிடும்.

திருமணப் பதிவில் "மூன்றாம் படி உறவுக்கு விலக்கு பெற்றவர்கள்" என்ற தொடர் அடிக்கடி வரும். உறவுக்குள் மணக்கத் திருச்சபை தந்த அனுமதிதான் அந்த விலக்கு. சின்னத் தீவில் சொந்தத்துக்குள்ளேதான் பெண் எடுக்க வேண்டியிருந்தது. படி என்ற கணக்கு நம் பங்காளி முறைபோலப் பொது மூதாதையரிலிருந்து எண்ணுவது: இரண்டாம் படி என்றால் தாத்தா ஒருவர், மூன்றாம் படி என்றால் கொள்ளுத்தாத்தா ஒருவர். அந்த ஒரு வரி தவறான ஆளைப் பிடித்திருக்கிறோமா என்று சோதிக்க உதவும். மரபணுச் சோதனை செய்துகொண்டவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் மணம் முடித்த தீவுகளில், தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலக் காட்டும்.

புறப்பாட்டின் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். கடவுச்சீட்டுப் பதிவேடுகளில் வயது, பங்கு, தொழில், உயரம், கண்ணின் நிறம், போகும் இடம் எல்லாம் உண்டு. ஹவாய் போனவர்களுக்கு "சாண்ட்விச் தீவுகள்" என்றும், பிரிட்டிஷ் கயானா போனவர்களுக்கு "தெமெராரா" என்றும் எழுதியிருப்பார்கள். கடவுச்சீட்டு கிடைக்கவில்லை என்றால் ஆள் பொய் என்று அர்த்தமல்ல. ராணுவச் சேவைக்குப் பயந்து இரவோடு இரவாகப் படகேறிய வாலிபர்கள் ஏராளம். எங்கள் மனுவெல் பதினேழு வயதில் வந்தவர், அவருக்கும் கிடைக்கவில்லை.

ஹவாய், கயானா கிளைகளுக்குத் தனிப் பாதை. மதீராவிலிருந்து பிரிசில்லா என்ற கப்பல் 1878 செப்டம்பரில் ஹொனலூலு சேர்ந்தது. மறு வருடம் ரேவன்ஸ்கிராக் வந்தது. அதில் வந்த தச்சர்கள் கொண்டுபோன சின்ன நரம்பிசைக் கருவிதான் பிறகு உகுலேலே ஆயிற்று. கரும்புத் தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்ததால் கப்பல் வாரியாகக் குடும்பத்தோடு பட்டியல்கள் உண்டு; அமெரிக்கப் பெருநிலத்தைவிட இது எளிது. கயானாவுக்கு மதீராக்காரர்கள் 1835இல் போனார்கள்; மூன்று வருடம் கழித்து அதே கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. அங்கே இரு வம்சங்களும் ஒரே குடும்பத்தில் கலந்திருந்தால் இரண்டு விதப் பட்டியல்களையும் பார்க்க நேரிடும்.

கண்டதை எல்லாம் அன்றன்றே குறித்து வையுங்கள்: பங்கு, புத்தகத்தின் வருடம், பக்க எண், பதிவு எண். படத்தைச் சேமித்துவிட்டு எண்ணை எழுதாமல் விட்டு, மறுபடியும் அதே புத்தகத்தை மூன்று நாள் புரட்டியவன் சொல்கிறேன். இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் வம்ச மரங்களைக் குறிப்பாக மட்டும் பாருங்கள். பதிவேட்டின் படம் இல்லாத பெயரை உங்கள் மரத்தில் ஏற்றாதீர்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு அந்த 1889 பக்கத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "பெரெய்ரா எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். ஓரத்தில் மனுவெல் என்று மட்டும்தான் இருந்தது. தகப்பனார் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அங்கே இருந்தது பெரெய்ரா. விரல் அப்படியே கீழே இறங்கித் தாய்வழிப் பாட்டியிடம் நின்றது. அவர் சாவோ ஜோர்ஜ்காரர் அல்லர். எதிரே தெரியும் பிகோ தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்று குரு எழுதியிருந்தார். பிகோவின் புத்தகத்தை நாங்கள் இன்னும் திறக்கவில்லை.